பட்டுவுக்குக் கோவம் தணிஞ்சிருச்சு

சித்த காலை அக்கட்டால நகர்த்திக்குங்க சார். இந்தப் பெட்டியை மடியிலயே வெச்சுக்கலாம்னுதான் பார்த்தேன், டிரைவர் பிரேக் போடற போட்டுல சரிஞ்சுருமாட்ட இருக்குது. உங்க காலுக்கும் என் காலுக்கும் நடுவுல வெச்சுக்கிட்டா ஆடாது. ஆங், அப்படித்தான். நீங்க ஜன்னலோரமா நல்லா சாஞ்சு உட்கார்ந்துக்குங்க.

பொள்ளாச்சி வரைக்குங்களா? நானும் பொள்ளாச்சிதான். எங்கக்கா ஊடு அங்கதான் இருக்குது. ஆனா கிணத்துக்கடவுல எம்பட பொண்ணு ஏறுவா. அப்ப மட்டும் நீங்க எந்திரிச்சு அவளுக்கு இடம் விட்டுட்டீங்கன்னா புண்ணியமாப் போகும். நாலாவது படிக்கறா. நின்னுக்கிட்டே இதைப் பார்க்க முடியாது பாருங்க, அதுக்குத்தான் கேட்கறேன்.

பெட்டியில என்னன்னு பார்க்கறீங்க. எல்லாருந்தான் பார்க்கறாங்க. உக்கடத்துல ஏறும்போதே கண்டக்டர் கேட்டான், லக்கேஜ் என்னன்னு. துணின்னேன். பொய் இல்லீங்க, என் பழைய சட்டை ஒண்ணு உள்ள விரிச்சிருக்குது. அதுக்கு மேல பட்டு படுத்திருக்கா.

பட்டுன்னா எங்க பாம்புங்க.

எந்திரிக்காதீங்க சார். எந்திரிச்சாலும் பெட்டியைத் தாண்டித்தான் வரோணும், அந்தப் பக்கம் நிக்கறதுக்கே இடமில்ல. உட்காருங்க. வளர்க்கற பாம்பு, நாய் பூனையாட்ட. மலைப்பாம்புல ஒரு வெளிநாட்டு ஜாதி, விஷங்கறதே கிடையாது. கடையில வாங்கிப் பதிவு பண்ணி எல்லாம் ஒழுங்காத்தான் வெச்சிருக்கேன். மூடிக்கு நாலு பக்கமும் கிளிப்பு, அதுக்கு மேல கயிறு. காத்துக்கு ஓட்டை போட்டிருக்கேன், என் சுண்டு விரல் போற அளவுக்கு. அவ தலை அதுல நுழையாது. வெச்சுப் பார்த்துட்டுத்தான் போட்டேன். பம்புசெட் கம்பெனியில டெஸ்டிங்ல இருக்கறவன் நான். எதையும் சோதிக்காம செய்ய மாட்டேன்.

இப்ப புஸ்ஸுன்னு கேட்டுச்சே, அது கதவு சார். காத்துக் கதவு, மூடும்போது அப்படித்தான் சத்தம் வரும்.

உங்க மொகத்தைப் பார்த்தா நீங்க நல்ல மாதிரியாத் தெரியறீங்க, அதனால சொல்றேன். பாம்புக்குப் பாசம் கிடையாது, ஆளைத் தெரியாதுன்னு சொல்லுவாங்க. சொல்றவங்க யாரும் பாம்புகூட இருந்ததில்ல. பாசம் வேற, நம்பிக்கை வேற சார். பாம்புக்கு நம்பிக்கை உண்டு. அது ஒருக்கா போச்சுன்னா திருப்பி வாங்கறதுக்கு மனுசனுக்குப் பொறுமை வேணும். எங்கூட்டுல அந்தப் பொறுமை எனக்கு மட்டுந்தான் இருந்துச்சு.

பாப்பாவுக்குப் பொறந்த நாளுக்கு வாங்கினதுங்க. மிருதுளான்னு பேரு அவளுக்கு, மிருதுன்னு கூப்பிடுவோம். பட்டுன்னு பேரு வெச்சதும் அவதான். தோலைத் தடவிப் பார்த்துட்டு, அப்பா இது அம்மாவோட கல்யாணப் புடவையாட்டவே இருக்குதுன்னா. அவ அம்மா, கோகிலா, அன்னிக்கே அந்தப் புடவையை எடுத்துப் பீரோவுல அடியில வெச்சவதான், அப்புறம் கட்டவேயில்ல. அவ சுபாவம் அப்படி.

முதல்ல எல்லாம் நல்லாத்தான் போச்சு. ஒருநாள் வெடியால மொட்டை மாடியில காலை இளவெயிலுக்கு விட்டிருந்தேன். பக்கத்து ஊட்டுக்காரர் பார்த்துட்டு, கண்ணாடி விரியன், கண்ணாடி விரியன்னு கத்திட்டார். தெருவே தடியோட ஏறி வந்துருச்சு. நான் குறுக்க நின்னேன். இது விரியன் இல்லீங்க, மலைப்பாம்புங்கன்னு தொண்டை கிழியக் கத்தறேன், ஒருத்தன் கேட்கலை. முதுகுல திட்டு இருந்தா அது விரியன், அவ்வளவுதான் இவங்க படிப்பு. கடைசியில வனத்துறை ஆளு ஒருத்தர் வந்து, சார் சொல்றதுதான் சரி, இது மலைப்பாம்புன்னு சொன்னார். தடியைக் கீழ போட்டுட்டு ஒவ்வொருத்தனா இறங்கிப் போனான். அதை நான் மறக்க மாட்டேன் சார். ஊரே ஒரு பக்கம் நின்னுச்சு, நான் மட்டும் ஒரு பக்கம். கடைசியில நான்தான் சரி.

ஆனா பட்டு பயந்துட்டா. சாப்பிடலை. கை வெச்சா வெடுக்குன்னு இழுத்துக்குவா. பாப்பா அழுதா. நான் என்ன பண்ணினேன்னா, கண்ணாடித் தொட்டியைக் கறுப்புத் துணி போட்டு மூடிட்டேன். உள்ள ஒரு மண்சட்டியை ஓரம் உடைச்சுக் கவுத்து வெச்சேன், அவ புகுந்துக்கறதுக்கு. நான் போட்டுக் கழட்டின சட்டையை அது மேல போட்டேன், என் வாசம் பழகட்டும்னு. ஊட்டுல யாரும் சத்தமாப் பேசக்கூடாது, டிவி கூடாது, குக்கர் விசில் கூடாது. முக்கியமா, செருப்புப் போட்டு நடக்கக்கூடாது. பாம்புக்கு நம்மளாட்டக் காது கிடையாதுங்க. தரை அதிர்றதுதான் அதுக்குச் சத்தம். அதனால எல்லாரும் வெறுங்காலு, மெதுவா, பூனையாட்ட. பாப்பா அழகாக் கத்துக்கிட்டா. இன்னிக்கும் பட்டு இருக்கற பக்கம் வந்தாச் செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்குவா, நாம சொல்லவே வேண்டாம். கோகிலாதான் முனகுவா. சொந்த ஊட்டுல திருடியாட்ட நடக்க வேண்டியிருக்குதும்பா.

பலன் கிடைச்சுதா இல்லையா? கொஞ்ச நாள்ல பட்டு தானா வெளிய வந்து பாப்பா கையில ஏறிச் சுருண்டுக்கிட்டா. அன்னிக்கு எனக்கு அழுகையே வந்துருச்சு சார், சொல்றதுக்கு என்ன வெக்கம்.

இந்தச் சித்திரை நோம்பி வரைக்கும் அப்படியே இருந்தா. நோம்பிக்குக் கோகிலாவோட அண்ணன் வந்தான். தாமோதரன்னு பேரு, என் மச்சான். எல்லாம் தெரிஞ்சவன்னு நினைப்பு. பசங்களுக்குக் காட்டறேன்னு மூடியைத் திறந்திருக்கான். மூடினவன் சரியா மூடலை. தெருவுல மேளம், வெடிச் சத்தம். நான் சாமி கும்பிட்டு வந்து பார்க்கறேன், தொட்டி காலி.

பாப்பா ஊட்டுக்குப் பின்னால பொடக்காளியில, துணி துவைக்கற கல்லுகிட்ட, தினமும் போய் உட்கார்ந்திருப்பா. கிண்ணத்துல தண்ணி வெச்சுக்கிட்டு. சோறு இறங்கலை அவளுக்கு. கோகிலா என்ன சொன்னா தெரியுங்களா? போனா நல்லதுன்னா. ஒரு ஜீவனைப் பத்தி, பாப்பா காதுபடவே. நானும் ரெண்டு வார்த்தை பேசினேன், இல்லைங்கலை. லீவு விட்டதும் பாப்பாவைக் கூட்டிக்கிட்டு கிணத்துக்கடவுல அவ அம்மா ஊட்டுக்குப் போனவதான். பள்ளிக்கூடம் திறந்ததும் அங்கயே சேர்த்துட்டாங்க. ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை பாப்பாவை என்கூட எங்கக்கா ஊட்டுக்கு அனுப்புவா, சாயந்திரம் திருப்பிக் கொண்டுவந்து விட்டுறோணும். இன்னிக்கு அந்தச் சனிக்கிழமை.

பாப்பா போன்ல ஒண்ணே ஒண்ணுதான் சார் கேட்பா. அப்பா, பட்டு வந்துட்டாளா. வந்துட்டா நானும் வந்துருவேன்பா. ஒரு தகப்பனுக்கு அதுக்கு மேல என்ன சொல்லோணும்.

வந்துட்டா சார். வைகாசிக் கடைசியில ஒருநாள் பொழுதோட, அதே துவைக்கற கல்லுக்குப் பின்னால ஹாலோபிளாக் கல்லு அடுக்கி வெச்சிருந்தேன், அதுக்குள்ள சுருண்டு கிடந்தா. கூப்பிட்டேன், பட்டுன்னு. சீறினா பாருங்க, குக்கர் விசிலாட்ட. தொடர்ந்து, மூச்சு விடாம. முன்னெல்லாம் அவ அப்படிச் சீறினதே இல்ல. எங்க எங்க அடிபட்டாளோ, எந்தப் பாவி கல்லால அடிச்சானோ. நல்லவேளை, வேலியில வளைச்ச கம்பி ஒண்ணு இருந்துச்சு, அதுல தூக்கி டிரம்முல போட்டுட்டேன்.

ஆளே மாறியிருந்தா. உடம்பு கட்டு விட்டிருந்துச்சு. முதுகுல முன்ன மேகமாட்டத் திட்டுத் திட்டா இருக்கும், இப்போ வட்டம் வட்டமா, சங்கிலி கோர்த்தாப்பல வரிசையா. சட்டை உரிச்சிருப்பா. புதுத் தோலு வந்தா அச்சடிச்சாட்ட எல்லாம் தெளிவாத் தெரியுமில்லீங்களா.

ஆசையாப் போட்டோ எடுத்து கோகிலாவுக்கு அனுப்பினேன். அண்ணங்காரன்கிட்டக் காட்டியிருக்கா. அவன் உடனே போன் பண்ணி, மச்சான், அது உங்க பாம்பு இல்ல, கண்ணாடி விரியன், கடிச்சா ஆஸ்பத்திரி போய்ச் சேர மாட்டீங்க, எட்ட வாங்கன்னு கத்தறான். சிரிப்புத்தான் வந்துச்சு. மறுபடியும் அதே விரியன். அன்னிக்குத் தெருக்காரங்க சொன்னாங்க, இன்னிக்கு இவன். நான் எத்தனை தடவைதான் சரின்னு நிரூபிக்கறது? மொட்டை மாடியில வனத்துறை ஆளு சொன்னதை இவன் கேட்கலை, நான் கேட்டேன். சரி மச்சான், மதுக்கரைப் பக்கம் காட்டுல கொண்டுபோய் விட்டுட்டேன்னு சொல்லிட்டேன். இல்லாட்டிப் பாப்பாவையும் அனுப்ப மாட்டாங்க. இது பொய்ல சேராது.

நீங்களும் அவனாட்டவே பார்க்கறீங்களே சார். உங்களுக்கு விரியனைத் தெரியுங்களா? நேர்ல பார்த்திருக்கீங்களா? இல்லையில்ல. அப்புறம்?

இப்பக் கேட்டது கதவு இல்லீங்க. கதவு திறக்கவேயில்ல. அது அவதான். வேகத்தடையில தூக்கிப் போட்டானில்ல, அதுக்குக் கோவம். தட்டாதீங்க. பெட்டியைக் காலால தள்ளாதீங்க சார், நான் இத்தனை நாளாப் பட்ட பாடெல்லாம் வீணாப் போயிரும். கையை மட்டும் இப்படி மூடி மேல வெச்சுக்கிட்டு இருக்கோணும். பாருங்க, அடங்குதா.

பயந்து போன பாம்பு எப்படி இருக்கும்னு நெட்டுல போட்டிருந்தான், எல்லாம் அப்படியே இருந்துச்சு. சீறும், உடம்பை வளைச்சு வளைச்சு வெச்சுக்கும், வெடுக்குன்னு கொத்தும், ஒளிஞ்சுக்கும். ஒண்ணு விடாம அத்தனையும் பண்ணினா. நான் பழையபடியே ஆரம்பிச்சேன். கறுப்புத் துணி, மண்சட்டி, என் சட்டை, வெறுங்காலு. ஊட்டுல தனியாத்தானே இருக்கேன், சத்தம் போட ஆளில்ல. கம்பெனியில வெல்டிங் பண்றவங்க போடற தோல் கையுறை எடுத்துட்டு வந்தேன். அதை மாட்டிக்கிட்டுத் தினமும் பக்கத்துல கையை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். கொத்துவா. இடி விழுந்தாட்டக் கொத்துவா. நான் கையை எடுக்க மாட்டேன். எடுத்தாப் பயந்துட்டோம்னு தெரிஞ்சுரும். கையுறையில மஞ்சமஞ்சளா எச்சில் வழிஞ்சு காஞ்சு கிடக்கும். எவ்வளவு மனசு நொந்திருந்தா ஒரு வாயில்லா ஜீவன் அப்படிப் பண்ணும், சொல்லுங்க.

சாப்பாடும் மாறிப் போச்சுங்க. முன்னெல்லாம் எலியைப் போட்டாச் சுத்தி வளைச்சு இறுக்கித்தான் தின்னுவா. இப்போ ஒரே கொத்து, விட்டுடறா. எலி ரெண்டு எட்டு வெச்சுட்டு உதறிக்கிட்டு விழுந்துடுது. அப்புறம் நிதானமா மோப்பம் புடிச்சுப் போய்த் தின்னறா. வெளிய இருந்ததுல வேலையைச் சுருக்கமா முடிக்கக் கத்துக்கிட்டா போல. எலிக்கும் பயத்துலயே உசுரு போயிருது.

தண்ணி குடிக்கறீங்களா சார்? உங்களுக்கு வேர்க்குது.

ஆடி பொறந்தப்புறந்தான் மாற்றம் தெரிஞ்சுது. சாப்பாட்டை நிறுத்திட்டா, ஆனா இளைக்கலை. நாளுக்கு நாள் பெருத்துக்கிட்டே வந்தா. மனசு நிறைஞ்சாத்தான் சார் சாப்பிடாம உடம்பு தேறும். கொத்தறதும் குறைஞ்சு போச்சு. முந்தா நாளு கையுறையைக் கழட்டிட்டேன். வெறுங்கையை அவ முதுகுல வெச்சேன். நகரலை. சீறலை. வயித்துப் பக்கம் உள்ளுக்குள்ள என்னமோ அலையாட்ட ஓடுச்சு, என் கைக்கு அடியில. பெருமூச்சு விட்டிருப்பா. சரி, நம்ம பட்டுவுக்குக் கோவம் தணிஞ்சிருச்சுன்னு அப்பத்தான் முடிவு பண்ணினேன்.

பாப்பாகிட்ட மட்டும் ரகசியமாப் போன்ல சொன்னேன். கிணத்துக்கடவுல பஸ் ஏறி வா, அப்பா பட்டுவைக் கூட்டிட்டு வரேன். அப்பா, என்னை ஞாபகம் வெச்சிருப்பாளான்னு கேட்டா. நீ பயப்படாம உள்ள கையை நீட்டு கண்ணு, பயந்தா அவளுக்குத் தெரிஞ்சுரும், மத்ததை அவ பார்த்துக்குவான்னேன். ராத்திரியெல்லாம் தூங்கியிருக்க மாட்டா. அவ அம்மா பஸ் ஸ்டாப் வரைக்கும் வருவா. பட்டு வந்தது கோகிலாவுக்குத் தெரியாது. சாயந்திரம் பாப்பா சிரிச்ச மொகத்தைப் பார்த்துட்டு அவளே ஊட்டுக்குக் கிளம்பி வருவா பாருங்க. மூணு பேரும் ஒண்ணா இருந்து எத்தனை நாளாச்சு. எனக்கு வேற எதுவும் வேண்டாம் சார். அந்த ஊட்டுல விளக்குப் போட்டு ஒரு ஆள் இருந்தாப் போதும்.

கண்டக்டரை எதுக்குக் கூப்பிடறீங்க? அவனுக்கு அங்கிருந்து கேட்காது. கையைக் கீழ போடுங்க சார். நான் உங்களை என்ன பண்ணினேன்? நல்லவிதமாத்தானே பேசிக்கிட்டு வரேன்.

அந்தா கோயில் மலை தெரியுது, கிணத்துக்கடவு வந்துருச்சு. சித்த இருங்க, சத்தத்தையே காணோமே. ஒரு தடவை பார்த்துக்கறேன். பாப்பா வரும்போது அவ தூங்கிட்டு இருக்கக்கூடாது. இந்தக் கயிறு... ஒரு பக்கத்துக் கிளிப்பை மட்டும் எடுக்கறேன், பயப்படாதீங்க.

அடக் கடவுளே.

சார், இங்க பாருங்க. குனிஞ்சு பாருங்க சார். குட்டி போட்டிருக்கா. ஒண்ணு ரெண்டு இல்ல, சட்டை முழுக்க நெளியுது, ஒண்ணு மேல ஒண்ணு. பென்சில் தண்டிகூட இல்ல, அதுக்குள்ள முதுகுல அம்மாவோட அதே வட்டம். இவ ஜாதி முட்டைதான் போடும்னு நெட்டுல போட்டிருந்தான். அவனுக்கு என்ன தெரியும். அதனாலதான் பெருத்தா, அதனாலதான் சாப்பிடலை. நான் ஒரு மடையன். சார், நம்பிக்கை இல்லாத இடத்துல எந்த ஜீவனும் குட்டி போடாது. ஓடற பஸ்ல, என் காலடியில போட்டிருக்கா. இதுக்கு மேல எனக்கு என்ன சாட்சி வேணும்? மச்சான் வந்து பார்க்கோணும் இதை.

சீட்டு மேல ஏறாதீங்க சார், எல்லாரும் பார்க்கறாங்க. மூடியைத்தான் திரும்ப அமுக்கிட்டேனே.

அட, இது என்ன, ஓட்டையில தலையை நீட்டுது. அம்மாவுக்குத்தானே அளவு பார்த்தேன், குட்டிக்குப் பார்க்கலையே. அக்கட்டாலயும் ஒண்ணு. இருங்க, விரலை வெச்சு அடைச்சுக்கறேன். கீழ ஒண்ணு ரெண்டு இறங்கிருச்சாட்ட இருக்குது, முன்சீட்டுக்கு அடியில போகுது பாருங்க. ஒண்ணும் பண்ணாது, பச்சைக் குழந்தைங்க. உள்ள இருக்கறது என் வாசத்தை... ஸ்ஸ். ஒண்ணுமில்லீங்க. விரல்ல சுருக்குன்னுச்சு. கட்டெறும்பு கடிச்சாட்ட. பொறந்த குழந்தை கையில கிடைச்சதை வாயில வெக்கத்தானே பார்க்கும். எரியுது கொஞ்சம், சரியாப் போயிரும்.

பஸ் நின்னுருச்சு. அதோ, முன்வாசல்ல ஏறிட்டா, மஞ்சக் கவுனு. கீழ கோகிலா கையாட்டறா பாருங்க. எப்படிச் சிரிக்கறா எம்பட பொண்ணு. சார், நீங்க கத்தாதீங்க, குழந்தை மிரண்டுரும்.

கண்ணு, அப்பா இங்க இருக்கேன். அந்த மாமா சத்தம் போடறதைக் கண்டுக்காத, அவருக்குப் பழக்கமில்ல. ஓடி வராத அம்மிணி, தரை அதிரும். செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்க. ஆங், அப்படித்தான். இப்போ மெதுவா வா.